விதியில்லாத உலகமும் வேலையில்லாத நாயகியும்

டார்க் ஃபேன்டஸி மங்காக்களைப் பற்றிப் பேசும் வாசகர்களிடம் இரண்டு குறைகள் திரும்பத் திரும்பக் காதில் விழும். கதை நடக்கும் உலகம் சரியாகக் கட்டப்படவில்லை என்பது ஒன்று. கதாநாயகி எதையும் செய்யாமல் சும்மா நிற்கிறாள் என்பது மற்றொன்று. முதலாவது கதைநுட்பம் பற்றியது, இரண்டாவது பெண்ணைச் சித்தரிக்கும் விதம் பற்றியது என்று இவற்றைத் தனித்தனியாகப் பேசுவதே வழக்கம். இவை பெரும்பாலும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் என்பது என் எண்ணம். அதை இவ்வகைக் கதைகளுக்குப் புதியவர்களும் பின்தொடரும்படி இங்கே விளக்க முயல்கிறேன். முக்கியமான திருப்பங்களைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. ஆகவே 'கிளேமோர்', 'பெர்செர்க்' ஆகியவற்றை இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் அவற்றை முடித்துவிட்டு இங்கே வருவது நல்லது.

முதலில் சில சொற்கள். மங்கா என்பது ஜப்பானியச் சித்திரக்கதை. (சிலர் 'மாங்கா' என்றும் எழுதுகிறார்கள், எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் உப்பும் மிளகாய்ப்பொடியும் நினைவுக்கு வந்துவிடுவதால் குறிலையே வைத்துக்கொள்கிறேன்.) டார்க் ஃபேன்டஸி என்பது மாயமும் அரக்கரும் உலவும் கதைகளுள் ஒரு பிரிவு. அங்கே நல்லவன் என்பதற்காக ஒருவன் வெல்வதில்லை. வென்றாலும் அதற்கான விலையை உடலாலும் மனத்தாலும் கொடுக்கிறான். இரத்தமும் வெட்டுண்ட கைகளும் இவ்வகைக்கு அடையாளம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவை மேல்பூச்சுதான். ஒரு செயலுக்கு என்ன விலை என்பதை உலகம் ஈவிரக்கமின்றி வசூலிப்பதே இவ்வகையின் உயிர்நாடி. இந்த 'விலை' என்ற சொல்லைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதையுலகைப் பற்றிப் பேச ஜப்பானிய வாசகர்களிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'செத்தேய்' என்பது ஆசிரியர் வகுத்துவைக்கும் விவரங்கள்: எந்த நாட்டை யார் ஆள்கிறார்கள், மந்திரம் எப்படி வேலை செய்கிறது, அரக்கன் எதைத் தின்கிறான் என்பன போன்றவை. 'செகாய்கான்' என்பது அந்த விவரங்களெல்லாம் சேர்ந்து வாசகர் மனத்தில் எழுப்பும் உலகத்தின் முழுத் தோற்றம், அதன் மணம். விவரம் மலைபோல் குவிந்திருந்தும் மணமே இல்லாத கதைகள் உண்டு. தொல்காப்பியம் படித்த தமிழருக்கு இதைப் புரியவைக்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள்; அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, தொழில் ஆகியவை கருப்பொருள்; மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். முதலும் கருவும் உரிப்பொருளைத் தாங்கி நிற்க வேண்டும், இல்லையேல் அவை வெறும் பட்டியல். நாயகியின் செயல் என்பது உரிப்பொருளின் பக்கம் சேர்வது என்பதை இப்போதே குறித்துவிட்டு மேலே போகலாம்.

நன்றாகக் கட்டப்பட்ட உலகம் எப்படியிருக்கும் என்பதற்கு நான் முதலில் காட்டுவது அகிஹிதோ சுகுஷி 2012 முதல் வரைந்துவரும் 'மேட் இன் அபிஸ்'. ஒரு பெரும் பாதாளக்குழி. அதன் விளிம்பில் ஒரு நகரம். குழிக்குள் இறங்கிப் பழம்பொருள்களை எடுத்துவருவது நகரத்தின் தொழில். இறங்குவதால் உடலுக்கு ஒன்றும் ஆகாது. ஏறும்போதுதான் சாபம் தாக்குகிறது. முதல் அடுக்கிலிருந்து ஏறினால் தலைச்சுற்றலும் குமட்டலும். நான்காம் அடுக்கிலிருந்து ஏறினால் உடலெங்கும் வலியும் குருதிப்பெருக்கும். ஆறாம் அடுக்கிலிருந்து ஏற முயன்றால் மரணம், அல்லது மனிதத்தன்மையை இழந்துபோதல். இந்த ஒரே விதி கதை முழுவதையும் ஆள்கிறது. ரிகோ என்ற சிறுமி தன் தாயைத் தேடிக் கீழே இறங்க முடிவெடுக்கும்போது, திரும்பிவர முடியாது என்பதை அவளும் அறிவாள், வாசகரும் அறிவார். அவளுக்குச் சண்டை தெரியாது. சண்டையெல்லாம் உடன்வரும் ரெக் என்ற இயந்திரச் சிறுவனின் வேலை. ஆனால் போவதென்று தீர்மானித்தவள் அவள்தான். நான்காம் அடுக்கில் நஞ்சு ஏறிய தன் கையை வெட்டிவிடும்படி ரெக்கிடம் சொல்பவளும் அவள்தான். சிறுவர்களின் உடலை வரைந்திருக்கும் விதத்தில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத பக்கங்கள் இந்தப் படைப்பில் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்; ஆயினும் ஒரு விதி எப்படி ஒரு முடிவுக்குக் கனம் சேர்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

விதி இவ்வளவு கணக்காக இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. கியூ ஹயாஷிடா 2000 முதல் 2018 வரை வரைந்த 'டோரோஹெடோரோ' பார்வைக்கு ஒரே குழப்பம். மந்திரவாதிகள் தங்கள் வித்தையைப் பழகிப் பார்ப்பதற்காக 'ஹோல்' என்னும் சேரிநகருக்கு வந்து அங்குள்ள ஏழைகள்மீது அதை ஏவுகிறார்கள். அவர்கள் விட்டுச்செல்லும் மந்திரப்புகை வானில் கலந்து மழையாகப் பெய்கிறது. அந்த மழை மந்திரவாதிகளின் உடம்புக்கே ஆகாது. சுரண்டுகிறவன்மீதே திரும்பி விழும் மாசு என்ற இந்த ஒரு செய்தி, பத்துப் பக்க வரலாற்று முன்னுரை செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது. நாயகி நிகைடோ அந்த ஊரில் ஓர் உணவகம் நடத்துகிறாள், கியோசா என்னும் கொழுக்கட்டை செய்து விற்கிறாள். உலகம் அழியும் நிலையிலும் யாரோ ஒருவர் அடுப்பு மூட்டுகிறார் என்பதைக் காட்டும் உலகத்தை வாசகர் நம்பிவிடுகிறார்.

பலவீனமான உலகம் என்பது விவரம் குறைந்த உலகம் என்று பொருளாகாது. ஜப்பானிய இணையத்தில் 'நாரோப்பா' என்று ஒரு கேலிச்சொல் புழங்குகிறது. 'ஷோசெத்சுகா நி நாரோ' என்ற, யாரும் தம் நாவலைப் பதிவேற்றக்கூடிய தளத்தின் பெயரையும் ஐரோப்பாவையும் ஒட்டிப் பிறந்த சொல் அது. கல்மதில், குதிரைவண்டி, சாகசக்காரர் சங்கம், பிரபுவின் மகள், எல்லா வீதியிலும் ஒரு மதுக்கடை என்று அச்சில் வார்த்தாற்போல் வரும் இடைக்கால ஐரோப்பாவை அது குறிக்கிறது. அத்தகைய உலகில் யாராவது உருளைக்கிழங்கு தின்றால், 'அது 16ஆம் நூற்றாண்டில்தானே அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது' என்று பிடித்துக்கொள்ளும் வாசகர்களுக்கு 'உருளைக்கிழங்குப் போலீஸ்' என்று பட்டமே உண்டு. அந்தப் போலீஸ்காரர்கள் தவறான குற்றவாளியைப் பிடிக்கிறார்கள் என்பேன். கற்பனை உலகில் கிழங்கு விளைந்தால் விளைந்துவிட்டுப் போகட்டும். இரவுதோறும் அரக்கர்கள் மேயும் வயலில் அந்தக் கிழங்கைத் தோண்டியவர் யார், அவருக்கு யார் காவல், காவலுக்கு யார் கூலி கொடுத்தார் என்ற கேள்விகளுக்கு விடையில்லாவிட்டால்தான் உலகம் ஆட்டம் காண்கிறது.

இக்குறை ஆசிரியர்களின் சோம்பலால் மட்டும் வருவதில்லை. பெரும்பாலான மங்காக்கள் முதலில் இதழ்களில் தொடராக வருகின்றன. வார இதழில் என்றால் வாரத்துக்கு ஏறத்தாழ 19 பக்கங்கள் வரைந்தாக வேண்டும். 'ஷோனென் ஜம்ப்' போன்ற இதழ்கள் வாசகர்களின் விருப்பத்தை அஞ்சலட்டைக் கருத்துக்கணிப்பு வழியாக அறிந்து, பின்தங்கும் தொடரைச் சில மாதங்களிலேயே நிறுத்திவிடுவது தொழிலின் நடைமுறை. உலகத்தை மெல்ல விரித்துக்காட்ட நினைப்பவர், அதற்குள் தொடர் நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறார். ஆகவே முதல் அத்தியாயத்திலேயே ஒரு கிராமம் எரிகிறது, ஒரு பெண் கதறுகிறாள். எரிவதற்கு ஒரு கிராமமும் கதறுவதற்கு ஒரு பெண்ணும் வேண்டியிருந்தார்கள் என்பதற்கு மேல் இருவரைப் பற்றியும் ஆசிரியர் எதையும் தீர்மானித்திருக்க மாட்டார்.

இனி நாயகிக்கு வருவோம். செயலற்ற நாயகி என்றவுடன் வாள் பிடிக்காதவள், அழுகிறவள், மென்மையானவள் என்று பொருள்கொள்வது பரவலான பிழை. வாள் பிடித்தும் செயலற்றிருப்பவர்கள் ஏராளம்: மூன்று பக்கம் அபாரமாகச் சண்டையிட்டுவிட்டு, கதை திரும்ப வேண்டிய நேரத்தில் பிடிபட்டு, நாயகன் வந்து மீட்கும்வரை சங்கிலியில் தொங்குவார்கள். நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை எளியது. அவள் வேறுவிதமாக முடிவெடுத்திருந்தால் கதை வேறு திசையில் போயிருக்குமா? போயிருக்கும் என்றால் அவள் கட்டிலில் படுத்தபடியே இருந்தாலும் செயலுள்ளவள். அவளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மந்திரக்கல்லை வைத்தாலும் கதை அப்படியே ஓடும் என்றால், அவள் எத்தனை பேரை வெட்டியிருந்தாலும் கணக்கில் சேராது.

ஹிரோமு அரகாவாவின் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' முழுமையான டார்க் ஃபேன்டஸி அல்ல, ஆனால் அதில் வரும் வின்ரி இந்தச் சோதனைக்குப் பொருத்தமானவள். அவள் இயந்திரக் கைகால்களைச் செய்யும் தொழிலாளி. போர் அவள் வேலையில்லை. தன் பெற்றோரைக் கொன்ற ஸ்கார் என்பவனை நோக்கி ஒருமுறை துப்பாக்கியை நீட்டுகிறாள், சுட முடியவில்லை. பின்னொரு நாள் அவனுடைய காயத்துக்கு அவளே கட்டுப்போடுகிறாள், மன்னிக்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறாள். பழிக்குப் பழி என்று ஓடும் கதையில் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி அவள் கையில் அறுந்துபோகிறது.

இப்போது இரண்டு குறைகளும் எங்கே சந்திக்கின்றன என்று பார்க்கலாம். பெயர் சொல்லாமல் ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். இதைப் போன்றவற்றை நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். செந்நிலா எழுந்தால் அரக்கர்கள் வருவார்கள். ஒரு பெண்ணின் உடலில் புனித இரத்தம் ஓடுகிறது. அதனால் எல்லோரும் அவளைத் தேடுகிறார்கள். செந்நிலா எப்போது எழும் என்பதற்குக் கணக்கில்லை, கதைக்குத் தேவைப்படும்போதெல்லாம் எழும். புனித இரத்தம் என்ன செய்யும் என்பது இரண்டாம் தொகுதியில் ஒருவிதமாகவும் ஐந்தாம் தொகுதியில் வேறுவிதமாகவும் இருக்கும். இந்த உலகில் அந்தப் பெண்ணால் என்ன செய்ய முடியும்? எப்போது ஆபத்து வரும் என்று தெரியாததால் அவளால் திட்டமிட முடியாது. தன் இரத்தத்தைக் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று தெரியாததால் பேரம் பேச முடியாது. தப்பியோட ஊருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஆசிரியரே யோசிக்கவில்லை. விலை எழுதாத கடையில் நிற்பவர் எதைத்தான் தேர்ந்தெடுப்பது? நாயகனும் அதே கடையில்தான் நிற்கிறான் என்றாலும், அவன் கையில் ஒரு பெரிய வாளைக் கொடுத்துவிட்டால் எதிரில் வருவதை வெட்டிக்கொண்டே போகலாம். அதுவே செயல்போலத் தோன்றிவிடும். அவளுக்கு வாளும் தரப்படவில்லை, விதியும் தரப்படவில்லை. விதியற்ற உலகில் முதலில் கையறுநிலைக்குத் தள்ளப்படுபவள் அவளே என்பதன் காரணம் இதுதான்.

இதற்கு நேர்மாறானது நோரிஹிரோ யாகியின் 'கிளேமோர்'. 2001 முதல் 2014 வரை மாத இதழ்களில் வந்து 27 தொகுதிகளில் முடிந்த இப்படைப்பை, உலகமும் நாயகியும் ஒன்றையொன்று தாங்குவதற்கான பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம். மனித உருவெடுத்து மனிதரைத் தின்னும் யோமாக்கள் உலவும் நிலம் அது. அவற்றைக் கொல்வதற்கென்று பெயரில்லாத ஓர் அமைப்பு, சிறுமிகளின் உடலில் யோமாவின் தசையைச் சேர்த்துப் போராளிகளை உருவாக்குகிறது. நிலம் 47 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, பகுதிக்கு ஒருத்தி, வலிமைப்படி ஒவ்வொருத்திக்கும் ஒரு தரவரிசை எண். யோமாவைக் கொன்றபின் கருப்பு உடையணிந்த ஒருவன் வந்து ஊராரிடம் பணம் வாங்கிக்கொள்வான். பணம் தராத ஊருக்கு அமைப்பு மறுமுறை வராது, யோமாக்கள்தான் வரும். போராளி தன்னுள்ளிருக்கும் ஆற்றலை 10 விழுக்காடு பயன்படுத்தினால் கண்ணின் நிறம் மாறும், 30 என்றால் முகம் கோணும், 50 என்றால் உடல் உருமாறும், 80ஐத் தாண்டினால் மனிதநிலைக்குத் திரும்ப முடியாது. முன்பு ஆண்களையும் இப்படி ஆக்கிப் பார்த்தார்கள், அவர்கள் மிக விரைவில் எல்லை தாண்டி அரக்கராகிவிட்டதால் அம்முயற்சி கைவிடப்பட்டது. போராளிகள் ஏன் எல்லோரும் பெண்கள் என்ற கேள்விக்குக்கூட உலகத்தின் விதியே விடை சொல்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் மனிதரைக் கொல்லக்கூடாது, கொன்றவளுக்கு மரணதண்டனை என்பது அமைப்பின் சட்டம்.

முதலிடத்தில் இருந்த தெரேசா, யோமாவிடமிருந்து மீட்கப்பட்ட ஒரு சிறுமியை மனிதர் வாழும் ஊரில் விட்டுச்செல்கிறாள். அந்த ஊரைக் கொள்ளையர் தாக்குகிறார்கள். யோமாவை வெட்டுவது அவளுக்கு ஒரு பொருட்டே அல்ல, ஆனால் கொள்ளையர் மனிதர்கள். சிறுமிக்காகத் தெரேசா சட்டத்தை மீறி அவர்களைக் கொல்கிறாள். அமைப்பு அவளைக் கொல்ல ஆளனுப்புகிறது. வந்தவர்களில் ஒருத்தியான பிரிசில்லா எல்லை தாண்டி அரக்கியாகித் தெரேசாவின் தலையை வீழ்த்துகிறாள். ஒரு பெண்ணின் முடிவு, ஒரு சட்டம், ஒரு விலை என்று படிப்படியாக இறங்கும் இந்த நிகழ்வுகளில் எதுவும் தற்செயல் இல்லை.

அந்தச் சிறுமிதான் கிளேர். தெரேசாவின் தலையைச் சுமந்துகொண்டு அமைப்பைத் தேடி வரும் அவள், யோமாவின் தசைக்குப் பதிலாகத் தெரேசாவின் தசையைத் தன் உடலில் சேர்க்கும்படி கேட்கிறாள். மற்றப் போராளிகள் அமைப்பால் ஆக்கப்பட்டவர்கள். இவள் கேட்டு ஆனவள். தெரேசா பாதி யோமா என்பதால், அவளுடைய தசையை ஏற்ற கிளேர் கால் பங்கே யோமா. ஆகவே 47 பேரில் அவள் 47ஆவது. நாயகியின் பாசமும் பழியுணர்ச்சியும் உலகத்தின் கணக்கில் ஓர் எண்ணாக மாறும் அந்த இடத்தை முதன்முறை படித்தபோது புத்தகத்தைக் கொஞ்சநேரம் மூடிவைத்துவிட்டேன். அவள் பலவீனமானவள் என்பது ஆசிரியர் ஒட்டிய குணச்சித்திரம் அல்ல, அவளே தேர்ந்தெடுத்ததன் விலை. யோமாக்களையே உருவாக்கிவிட்டது இந்த அமைப்புதான் என்ற உண்மை பிற்பாடு வெளிப்படும்போது, பணம் வசூலிக்க வந்த அந்தக் கருப்பு உடைக்காரன் முதல் அத்தியாயத்திலிருந்தே வேறொருவனாகத் தெரியத் தொடங்குகிறான்.

கிளேமோரைக் குறையற்றது என்று சொல்லமாட்டேன். இறுதிப் போரில் கிளேரின் உடல்வழியே தெரேசா மீண்டெழுந்து பிரிசில்லாவை எதிர்கொள்கிறாள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 47ஆம் இடத்திலிருந்து 13 ஆண்டுகள் ஏறிவந்தவளின் கணக்கைத் தீர்க்க முதலிடத்துக்காரி வந்துவிட்டாளே என்ற ஏமாற்றம் எனக்கு இன்னும் போகவில்லை. மாண்டவர் மீள்வதில்லை என்ற விதி இப்படித் தளரும் இடத்தில்தான் கிளேரின் பிடியும் தளர்கிறது.

வலுவான உலகம் இருந்தால் நாயகி தானாகவே செயலுள்ளவள் ஆகிவிடுவாளா என்றால், இல்லை. அதற்குக் கென்டாரோ மியுராவின் 'பெர்செர்க்' சாட்சி. 1989இல் தொடங்கிய அப்படைப்பின் உலகம் இவ்வகையிலேயே மிக உறுதியானவற்றுள் ஒன்று; தான் மிகவும் நேசிப்பதைப் பலியிட்டால் மட்டுமே அரக்கவரம் கிடைக்கும் என்பது அதன் மைய விதி. காஸ்கா அந்த உலகில், கிரிஃபித் என்பவனின் கூலிப்படையில் ஒரு தலைவி. சிறுமியாக இருந்தபோது ஒரு பிரபு அவளைச் சிதைக்க முயல, அங்கே வந்த கிரிஃபித் அவளைத் தானே காப்பாற்றாமல் ஒரு வாளை மட்டும் அவள்முன் எறிகிறான். கொல்வது அவள் முடிவாகிறது. பின்னர் கிரிஃபித் சிறைப்பட்டபோது, வேட்டையாடப்பட்ட படையை ஓராண்டு கலையாமல் நடத்தியவளும் அவள். அதன்பின் கிரிஃபித் அரக்கவரத்துக்காகத் தன் படையையே கொடுத்த பெரும்பலியில் அவள் வன்புணரப்பட்டுச் சித்தம் கலங்கிப் பேச்சிழக்கிறாள். இதழில் அந்நிகழ்வு வந்தது 1990களில். அவள் மீண்டும் தன்னறிவு பெற்றது 2018இல். இடைப்பட்ட இருபதாண்டுக்கும் மேற்பட்ட காலம் அவள் காக்கப்பட வேண்டியவளாக, வழிதவறிப் போகிறவளாக, மற்றவர்களின் பயணத்துக்குக் காரணமாக மட்டுமே இருந்தாள். அதே கொடுமைக்குத் தப்பிய நாயகன் கட்ஸுக்கு ஒரு கையும் ஒரு கண்ணும் போயின, ஆனால் கதை அவனிடமே இருந்தது. அதிர்ச்சியால் மனம் உடைவது உண்மைக்குப் புறம்பானது என்று யாரும் சொல்லவில்லை. விலையை இருவரும் கொடுத்தபின் ஒருவருக்கு மட்டும் அடுத்த முடிவெடுக்கும் உரிமை எஞ்சியது என்பதே குறை.

ஆக, நான் தொடக்கத்தில் சொன்னதைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. விதியுள்ள உலகம் நாயகிக்குக் கதவைத் திறந்துவைக்கிறது; அவளை அதன்வழியே நடக்கவிடுவது ஆசிரியரின் வேலை. ஹாஜிமே இசயாமாவின் 'அட்டாக் ஆன் டைட்டன்' கதையில் ஹிஸ்டோரியா, அரக்க உருவெடுக்கும்படி தந்தை நீட்டிய ஊசியை உடைத்தெறிந்து, பின் அரக்கனாகிவிட்ட அவரைத் தானே வீழ்த்தி அரசியாகிறாள். அதே ஹிஸ்டோரியா கடைசிப் பகுதியில் கருவுற்றவளாக நாற்காலியில் அமர்த்தப்பட்டு ஓரத்துக்குப் போய்விடுகிறாள். உலகத்தின் விதிகள் இடையில் மாறிவிடவில்லை. ஆசிரியரின் பார்வைதான் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

காஸ்கா கண்விழித்த காட்சிக்கே திரும்புகிறேன். தோழியர் இருவர் அவளுடைய கனவுக்குள் புகுந்து சிதறிய நினைவுகளைச் சேர்த்து அவளை மீட்கிறார்கள். விழித்தவள் பழைய நண்பர்களைப் பற்றிப் பேசுகிறாள், உண்கிறாள். கட்ஸின் முகத்தைக் கண்டதும் அந்தப் பலிநாள் மீண்டெழ, அலறுகிறாள். இனி அவள் என்ன செய்வாள் என்று வாசகர் காத்திருந்த நிலையில், 2021 மே மாதம் மியுரா காலமானார். 2022 முதல் அவருடைய நண்பர் கோஜி மோரி, மியுரா முன்பு தம்மிடம் சொல்லியிருந்த கதையை நினைவிலிருந்து எடுத்துத்தர, மியுராவின் உதவியாளர்கள் தொடரை வரைகிறார்கள். அவர்கள் வரைந்த தொடக்க அத்தியாயங்களிலேயே கிரிஃபித் வந்து காஸ்காவைத் தூக்கிச் சென்றுவிட்டான்.